ஜிப், காலர், தொடைக் கிழிசல்: பழைய வண்ணாரப்பேட்டையில் ஆல்டரேஷன் கொடுத்த அனுபவம்

சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டைக்குத் துணி எடுக்க வரும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஆனால் எடுத்த துணியில் ஒரு ஜிப் போய்விட்டால், காலர் நைந்துவிட்டால், அதைச் சரிபண்ண ஆள் தேடுவது அதே பேட்டையில் தனி வேலை. எங்கள் வீட்டில் "தைக்கக் கொடுக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு மஞ்சப்பை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இந்தத் தடவை மொத்தமாகக் காலி பண்ணினேன். எதை யாரிடம் கொடுத்தேன், அவர்கள் என்ன செய்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள், எது நின்றது, எது தேறவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

பையில் இருந்தது என் ஜீன்ஸ் இரண்டு (ஒன்றில் ஜிப் கோளாறு, இன்னொன்றில் தொடை கிழிசல்), ஒரு வெள்ளைச் சட்டை, அம்மாவின் ப்ளவுஸ்கள், பையனின் ஸ்கூல் பேண்ட், ஒரு ரெயின்கோட், கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக் கிழிந்த ஒரு பட்டுப்புடவை. எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொடுக்க முடியாது.

புதுசாகச் சட்டை, பேண்ட் தைக்கும் கடைக்காரர்களுக்குப் பழைய துணி பிடிக்காது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "வெச்சுட்டுப் போங்க சார்" என்பார்கள், அது அப்படியே அடியில் போய்விடும். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒரு ஜிப் மாற்ற வேண்டுமென்றால் தையலைப் பிரிக்கணும், பழைய நூலைப் பொறுக்கணும், மெஷினில் நூல் கலர் மாற்றணும், ஊசி மாற்றணும், அப்புறம்தான் தைக்கவே உட்காரலாம். இத்தனைக்கும் கிடைப்பது ஒரு புதுச் சட்டையின் தையல்கூலியில் கால்வாசி. அதனால் ஆல்டரேஷன் மட்டுமே பார்க்கிற ஆளைத்தான் தேடணும். அடையாளம் சொல்கிறேன்: கடையில் புதுத்துணி பீஸ் எதுவும் தொங்காது, ஒரு டப்பா நிறையப் பழைய ஜிப்பும் பட்டனும் இருக்கும், மூலையில் யாரோ போட்டுக் கழித்த ஜீன்ஸ் கால்கள் துண்டு துண்டாகக் குவிந்திருக்கும். அந்தக் குவியல்தான் முக்கியம், ஏன் என்று கீழே வரும்.

நான் பிடித்த ஆள் ஜி.ஏ. ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கிறார். நாங்கள் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அறுபதைத் தாண்டிய வயது. மோட்டார் மாட்டிய பழைய கறுப்பு உஷா மெஷின் ஒன்று, ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு ஸ்டூல். வாடிக்கையாளர் நின்றுகொண்டுதான் பேசணும்.

முதலில் தொடை கிழிந்த ஜீன்ஸ், ஏனென்றால் அதில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். பாய் அதைக் கையில் வாங்கியதும் ஓட்டையைப் பார்க்கவே இல்லை. உள்பக்கம் திருப்பி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் ஓட்டைக்கு நாலு பக்கமும் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"இன்னாபா, ஓட்டை எட்டணா சைஸுதான், ஆனா சுத்தி துணியே இல்லியே. சல்லடையா கெடக்கு. ஓட்டைய மட்டும் அடிச்சுக் குடுத்தா தையலுக்கு வெளிய கிழியும், அப்புறம் நீ வந்து என்னைத்தான் கேப்ப."

இது எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. ஜீன்ஸ் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. பாவு நூல் மூன்று ஊடைக்கு மேலேயும் ஒன்றுக்குக் கீழேயும் போகிற நெசவு என்பதால் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளுப்பாகவும் தெரிகிறது. நடக்கும்போது தொடையோடு தொடை உரசினால் முதலில் தேய்வது மேலே நிற்கிற அந்த நீல நூல். அது அறுந்த பிறகு வெள்ளை நூல் மட்டும் தனியாகக் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், அப்புறம் ஓட்டை. ஆக, ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றி இரண்டு இன்ச்சுக்குத் துணி ஏற்கெனவே பாதி செத்துப்போயிருக்கும், நம் கண்ணுக்கு ஓட்டை மட்டும்தான் தெரியும். தையல் நிற்பதும் நிற்காததும் அந்தப் பாதித் துணியின் கையில் இருக்கிறது. வெள்ளைக் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும்போதே கொண்டுவந்தால் பாதி வேலை, பாதி காசு என்றார் பாய்.

அவர் செய்த விதத்தைப் பக்கத்தில் நின்றே பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த வெள்ளை நூல்களை வெட்டவில்லை, பிசிறு மட்டும் கத்தரித்தார். மூலையில் இருந்த குவியலில் கையை விட்டு, நைந்து மெத்தென்று ஆன ஒரு பழைய ஜீன்ஸ் காலை எடுத்தார். புதுத் துணி வேண்டாமா என்று கேட்டேன். புதுசு விறைப்பாக இருக்கும், பழைய துணி அதோடு சேர்ந்து மடங்காது, ஒட்டின் ஓரத்திலேயே அறுத்துவிடும் என்றார். ஒட்டுத் துண்டை எவ்வளவு பெரிசாக வெட்டுவது என்பதற்கு அவர் டேப் வைக்கவில்லை. விரல் நகத்தால் துணியைச் சுரண்டிக்கொண்டே போனார், எந்த இடத்தில் நூல் எழும்பாமல் அழுத்தமாக இருக்கிறதோ அங்கே ஒரு சாக்பீஸ் புள்ளி. நாலைந்து புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டதும் அது என் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது, எட்டணா ஓட்டைக்கு. மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக வெட்டினார். கூர் மூலை இருந்தால் இழுவிசை எல்லாம் அந்த ஒரு புள்ளியில் விழுந்து அங்கிருந்தே பிரியும்.

அடுத்தது நூல். கருநீலம்தான் போடுவார் என்று நினைத்தேன். மூன்று நூல்கண்டுகளைத் துணிமேல் உருட்டிப் பார்த்து, சாம்பல் கலந்த ஒரு வெளிர் நீலத்தை எடுத்தார். வெளுத்த ஜீன்ஸ் நீலத்தைவிடச் சாம்பலுக்குத்தான் பக்கம், கருநீல நூல் போட்டால் தையல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். ஊசியை மாற்றி 16-ஆம் நம்பர் போட்டார். பாவு நூல் ஓடும் திசையிலேயே முன்னும் பின்னுமாக ஓட்டினார், நெருக்கமாக இல்லாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு. ரொம்ப நெருக்கி அடித்தால் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும், அதோடு ஊசி குத்திய ஓட்டைகளே துணியைத் தின்றுவிடும். கால் இரண்டும் பின்பக்கமும் முன்பக்கமும் சேரும் அந்த முடிச்சு இடத்தில் துணி பல மடிப்பாகத் தடித்திருக்கும், அங்கே மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் உருட்டி ஒவ்வொரு குத்தாக இறக்கினார். இல்லாவிட்டால் ஊசி ஒடியும்.

இன்னொரு காலில் ஓட்டையே இல்லை. கேட்காமலே அதற்கும் உள்பக்கம் ஒட்டு வைத்தார். மொத்தம் 150 ரூபாய். நான் பேரம் பேசவில்லை. மாசக்கணக்கில் போட்டுத் துவைத்தாயிற்று, வாஷிங் மெஷினிலும் போயிருக்கிறது, ஒட்டு அசையவில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் உறுத்தியது, துவைக்கத் துவைக்கச் சரியாகிவிட்டது. குனிந்து உற்றுப் பார்த்தால்தான் தையல் தெரியும், அங்கே யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் முழுப் பருத்தி ஜீன்ஸுக்குத்தான். இப்போது கடையில் தொங்குவதில் பாதி ஸ்ட்ரெச். அதில் இழுவை கொடுக்கிற நூல் கலந்திருக்கும். இழுவையுள்ள துணிக்கு இழுவையில்லாத ஒட்டு போட்டால் உட்காரும்போது துணி நீளும், ஒட்டு நீளாது, ஓரம் பிய்ந்துகொண்டு வரும். அதற்கு ஸ்ட்ரெச் துண்டேதான் வைக்கணும், நேர்த்தையல் போடாமல் ஜிக்ஜாக் அடிக்கணும். பாயிடம் ஜிக்ஜாக் மெஷின் இல்லை, அவரே அதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார். இந்தப் பேச்சில்தான் பின்னி மில் காக்கியைப் பற்றிச் சொன்னார். பெரம்பூர்ப் பக்கம் இருந்த அந்த மில் 1996-இல் மூடப்பட்டது. பாய் தொழில் பழகின காலத்தில் ஆட்டோக்காரர்களும் போஸ்ட்மேன்களும் அந்தக் காக்கி பேண்ட்டைக் கொண்டுவருவார்களாம், உட்காருகிற இடம் மட்டும் தேய்ந்திருக்கும், சுற்றியிருக்கும் துணி கல்லாட்டம் நிற்கும், ஒரு ஒட்டு வைத்தால் அடுத்த வருஷம் வேறு இடம் தேய்ந்துதான் திரும்ப வருவார்களாம். "துணி நின்னா தையல் நிக்கும், நம்ம கையில இன்னாகீது" என்றார்.

அடுத்து ஜிப். இந்த ஜீன்ஸுக்கு ஏற்கெனவே வேறொரு இடத்தில், ஏசி போட்ட கடைதான், ஜிப் மாற்றியிருந்தேன். போட்ட கொஞ்ச நாளிலேயே ரன்னர் மேலே போய்க் கழன்று கையோடு வந்தது. பாய் இடுப்புப்பட்டியைத் தூக்கிக் காட்டினார். ஒழுங்காகச் செய்தால் இடுப்புப்பட்டியின் முனையை ஒன்றரை இன்ச்சுக்குப் பிரித்து, ஜிப்பின் மேல்நுனித் துணியை அதற்குள் செருகி, மேலே தைத்து மூடணும். அந்தக் கடையில் பட்டியைப் பிரிக்கவே இல்லை. ஜிப்பைப் பட்டிக்குக் கீழேயே வெட்டி, ஒரு தையல் ஓட்டி விட்டிருந்தார்கள். மேலே ரன்னரைத் தடுத்து நிறுத்த ஒன்றுமே இல்லாததால் அது நேராக வெளியே வந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் ஜிப் மாற்றி வாங்கும்போது உள்பக்கம் பாருங்கள்: ஜிப் நுனி பட்டிக்குள் போகிறதா, பட்டிக்கு வெளியே மொட்டையாக நிற்கிறதா. மொட்டையாக நின்றால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

வெளிப்பக்கம் இருக்கிற அந்த வளைந்த இரட்டைத் தையலையும் பாய் பழைய ஊசி ஓட்டைகளிலேயே ஓட்டினார். அதே ஆரஞ்சு நூல், தடியான நூல், தையல் நீளத்தையும் பழசுக்குத் தகுந்தபடி கூட்டி வைத்தார். கூலி 100, ஜிப் 30. ஜிப்பை நானே வாங்கிக்கொண்டு போனேன். என்.எஸ்.சி. போஸ் ரோட்டை ஒட்டிய சந்துகளில் ஜிப், பட்டன், லேஸ் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன, அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தால் போகிற வழியில் வாங்கிவிடலாம், இதற்காக மட்டும் போவது வீண். பழைய ஜிப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். பல ஜிப்களில் ரன்னரின் பின்பக்கம் ஒரு நம்பர் பொறித்திருக்கும். 3 என்றால் மெல்லிசு, சுடிதார், பாவாடைக்கு. 5 என்றால் தடிசு, ஜீன்ஸுக்கும் பைக்கும். ஜீன்ஸுக்கு உலோகப் பல் வைத்ததே வாங்குங்கள்.

எல்லா ஜிப்பையும் மாற்றத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே இழுத்த பிறகு ஜிப் பின்னால் பிளந்துகொண்டு வந்தால், பற்களை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். பல் எல்லாம் இருந்தால் கோளாறு ரன்னரில்தான், தேய்ந்து வாய் அகன்றிருக்கும். சின்ன பிளையரால் ரன்னரின் இரண்டு பக்கத்தையும் பின்பக்க ஓரத்தில் லேசாக, ரொம்ப லேசாக அழுத்தினால் மறுபடி பிடிக்கும். இது நிரந்தரம் இல்லை, சில மாதம் ஓடும். அப்புறம் ரன்னர் மட்டும் மாற்றினால் போதும், பத்து இருபது ரூபாயில் முடியும். ஒரு பல் விழுந்திருந்தால்கூட முழு ஜிப்தான். எங்கள் பக்கம், ராயபுரம், காசிமேடு எல்லாம் கடல்காற்றில் பித்தளை ஜிப் பச்சை பூத்து இறுகிக்கொள்ளும். மெழுகுவத்தியைப் பற்களில் தேய்த்து நாலு தடவை ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். இதற்குப் போய்த் தையல்காரரைத் தேட வேண்டாம்.

வெள்ளைச் சட்டைக்கு வருகிறேன். காலரின் மடிப்பு கழுத்தில் உரசி உரசி நைந்து, உள்ளே இருக்கிற கேன்வாஸ் எட்டிப் பார்த்தது. உடம்புத் துணி நன்றாகத்தான் இருந்தது. இந்த மாதிரி சட்டைக்குக் காலரைத் திருப்பித் தைப்பது என்று ஒரு பழைய வித்தை இருக்கிறது, நம் அப்பா தலைமுறைக்குச் சாதாரணம், என் வயசுக்காரர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. சட்டைக் காலர் இரண்டு பாகம்: கழுத்தைச் சுற்றி நிற்கிற பட்டி ஒன்று, அதன் மேல் மடிந்து விழுகிற காலர் ஒன்று. பட்டியைச் சட்டையிலிருந்து பிரிக்கவே வேண்டாம். காலரை மட்டும் பட்டியிலிருந்து பிரித்து, மேல்பக்கத்தைக் கீழாகத் திருப்பி, மறுபடி பட்டிக்குள் செருகித் தைத்துவிட வேண்டியது. நைந்த பக்கம் அடியில் போய்விடும், இத்தனை வருஷம் வெளிச்சமே படாத பக்கம் மேலே வரும்.

பாய் அரை பிளேடை வைத்துத் தையலைப் பிரித்த வேகம் எனக்கு வராது. நைந்த கோட்டின் மேல் முதலில் ஒரு ஜாலித் துணித் துண்டை வைத்து இரண்டு ஓட்டு ஓட்டினார், அது அடியில் போனாலும் மேற்கொண்டு பிரியாமல் இருக்க. காலரை மடித்து நடு எங்கே என்று நகத்தால் கீறி, பட்டியின் நடுவோடு சேர்த்துக் குத்திவிட்டுத்தான் மெஷினுக்குப் போனார். நடு தப்பினால் காலர் முனை ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் வந்து நிற்கும். 70 ரூபாய். சட்டை புதுசு போல என்று சொல்ல மாட்டேன், திருப்பிய பக்கம் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று வெளுப்பாக இருக்கிறது, வெள்ளைச் சட்டை என்பதால் தப்பித்தது. கலர் சட்டையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். காலர் முனைக்குள் பிளாஸ்டிக் பட்டை செருகுகிற மாதிரி அடிப்பக்கம் வாய் வைத்த சட்டைகளுக்கும் இது சரிப்படாது, அந்த வாய் மேலே வந்து பல்லைக் காட்டும்.

அம்மாவின் ப்ளவுஸ்களைப் பாய் தொடுவதில்லை. அது தண்டையார்பேட்டையில் ஒரு அக்கா, வீட்டிலேயே மெஷின் போட்டிருக்கிறார். அம்மாவுக்கு மாத்திரையாலோ என்னவோ உடம்பு கொஞ்சம் ஊதி, நல்ல நல்ல ப்ளவுஸெல்லாம் இறுக்கிப் பிடிக்கிறது. நல்ல தையல்காரர் தைத்த ப்ளவுஸ் என்றால் இரண்டு பக்கவாட்டிலும் உள்ளே துணி விட்டு வைத்திருப்பார், அதைப் பிரித்து விட்டால் போதும். அக்கா கணக்கு சொன்னபோது எனக்கு ஆச்சரியம்: பக்கவாட்டுத் தையலை அரை இன்ச் வெளியே தள்ளினால் முன் துணியிலும் அரை, பின் துணியிலும் அரை கூடும், ஒரு பக்கத்துக்கு ஒரு இன்ச், இரண்டு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் இரண்டு இன்ச். அதனால் "ரெண்டு இன்ச் லூஸ் பண்ணுங்க" என்று சொன்னால் சுற்றளவிலா, பக்கத்துக்கா என்று தெளிவாகச் சொல்லணும். அதைவிட நல்லது, இப்போது சரியாக இருக்கிற ஒரு ப்ளவுஸை அளவு ப்ளவுஸாகக் கொடுத்துவிடுவது. அம்மா கொடுத்த அளவு ப்ளவுஸையே அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவே உங்களுக்கு அக்குள்ல இழுக்குதேம்மா" என்றார். இழுக்கத்தான் செய்தது. அம்மா அதை வெளியே சொன்னதே இல்லை.

பிரித்த கோடு தெரியுமா என்று அம்மாவுக்குக் கவலை. காட்டன் ப்ளவுஸில் பழைய ஊசி ஓட்டை ஒரு துவைப்பில் மூடிக்கொள்ளும், ஆனால் உள்ளே மடிந்திருந்த துணி வெளுக்காமல் இருக்கும், அந்தக் கோடு கொஞ்சம் கருப்பாகத் தெரியும். கைக்கு அடியில் வருவதால் பரவாயில்லை. பட்டில் ஓட்டை அப்படியே நிற்கும், அதில் மறுபடி டைட் பண்ணி மறுபடி லூஸ் பண்ணி விளையாட முடியாது. உள்ளே துணியே விடாமல் வெட்டிய ஒரு ரெடிமேட் ப்ளவுஸுக்கு, கையின் உள்பக்கத் துணி கொஞ்சம் எடுத்து அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்தார். கையைத் தூக்கினால்தான் தெரியும். லூஸ் பண்ண ஒன்றுக்கு 40, துண்டு வைத்ததற்கு 80. கொக்கிகளை எல்லாம் புதுசாகக் கட்டிக் கொடுத்ததற்குக் காசே வாங்கவில்லை. ப்ளவுஸ் வேலையை ஆடி மாசத்தில் கொடுங்கள். முகூர்த்தம் இல்லை, தைப்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். ஜூனில் ஸ்கூல் திறக்கிற வாரம், ரம்ஜானுக்கு முன், தீபாவளிக்கு முந்தின மாசம், இந்த மூன்றிலும் யாரிடமும் போகாதீர்கள், எடுத்துக்கொண்டாலும் கவனம் இருக்காது.

பையனின் ஸ்கூல் பேண்ட் அடிமடிப்பைப் பிரித்து நீளம் விட்டது, 40 ரூபாய், சொல்ல ஒன்றுமில்லை. பழைய மடிப்புக் கோடு வெளுத்துத் தெரிகிறது, அவனுக்கும் கவலையில்லை. நீளம் குறைக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று: புதுப் பருத்தித் துணியை ஒருமுறை துவைத்துச் சுருங்கவிட்டு அப்புறம் கொடுங்கள், எந்தச் செருப்பு அல்லது ஷூவோடு போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு குறி வையுங்கள்.

ரெயின்கோட்டைப் பாய் வாங்கவே இல்லை. தோள் தையல் விட்டிருந்தது. "நான் தைச்சா ஊசி போன எடமெல்லாம் தண்ணி வரும், மழைல நனைஞ்சுட்டு என்னைத் திட்டுவ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நியாயம்தான். மழைக்கோட்டின் தையலுக்கு உள்பக்கம் சூட்டில் ஒட்டுகிற ஒரு டேப் ஒட்டியிருக்கும், நீரைத் தடுப்பது அதுதான், தையல் இல்லை. அந்த டேப் எங்கள் பக்கத்து ஆல்டரேஷன் கடைகளில் யாரிடமும் இல்லை. ரெயின்கோட் இன்னும் மஞ்சப்பையில்தான் இருக்கிறது. அக்டோபருக்குள் வேறு வாங்கிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

புடவைக்கு டார்னிங்காரர். சௌகார்பேட்டையில் ஒரு சந்தில் இதையே தொழிலாகச் செய்கிற ஒருவர் இருப்பதாகப் பாய்தான் அனுப்பினார். மெஷினே கிடையாது, கையும் ஊசியும்தான். கிழிசல் எல் வடிவத்தில் விரல் நீளத்துக்கு இருந்தது. இடுப்பில் செருகுகிற உள்முனையிலிருந்து அதே புடவையின் நூலை ஒன்றொன்றாக உருவி எடுத்து, ஊசியில் கோத்து, கிழிசலின் குறுக்கே ஒரு நூல் மேலே ஒரு நூல் கீழே என்று நெய்துகொண்டே போனார். வேறு நூல் வாங்கிப் போட்டால் கலர் எவ்வளவு சேர்ந்தாலும் பளபளப்பு சேராது என்றார். 400 ரூபாய் சொன்னார், அம்மா 350-க்குப் பேசினார். எனக்குக் கூச்சமாக இருந்தது, நான் பேச்சில் தலையிடவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிகிறது, கட்டிக்கொண்டால் தெரியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் கப்பலேறுகிற துணியை வெளுத்துக் கொடுத்த ஊர் இது, துணியைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்த கைகள் இன்னும் இரண்டு மூன்று தெருவுக்கு ஒன்றாவது மிஞ்சியிருக்கின்றன, அவர்களிடம் பையன்கள் யாரும் தொழில் பழகவில்லை என்பது வேறு விஷயம். பாயின் மகன் டெலிவரி வேலைக்குப் போகிறார்.

கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது சில. துவைத்துக் கொடுங்கள், வியர்வைத் துணியை யாரும் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தைக்க மாட்டார்கள், மரியாதையும் இல்லை. கோளாறு உள்ள இடத்தில் ஒரு சேஃப்டி பின் குத்திவிடுங்கள், வாயால் சொன்னது பத்துத் துணிகளுக்கு நடுவே மறந்துபோகும். எதைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "நீளத்தைத் தொடாதீங்க, ஜிப் மட்டும்." காசை முன்னாடியே பேசிவிடுங்கள், ஆனால் நல்ல ஆளிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டாதீர்கள். வாங்கும்போது அங்கேயே உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பாய் மாதிரி ஆட்கள் அதற்குக் கோபப்படுவதில்லை, சொல்லப்போனால் அவரே திருப்பிக் காட்டித்தான் கொடுக்கிறார்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, பையில் இல்லாதது, போட்டிருந்த பேண்ட்டில் செய்தது. பாக்கெட்டின் அடியில் ஓட்டை, சில்லறை காலுக்குள் போய் விழும். நான் எப்போதும் அதை ஊசி நூலால் சுருட்டிக் கட்டிவிடுவேன், அடுத்த மாசம் பக்கத்தில் இன்னொரு ஓட்டை வரும். பாய் பார்த்துவிட்டு, பாக்கெட் துணியின் கீழ்ப்பாதியை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு, தடித்த காடாத் துணியில் புதுப் பாதி வைத்து ஓவர்லாக் அடித்துவரப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார். ஒரு பாக்கெட்டுக்கு 40, காடா வேண்டுமென்றால் கூட 10. வண்டிச் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் மாட்டிப் பாக்கெட்டில் போடுகிறவர்கள் காடாவே கேளுங்கள்.